நீதிமானாக்கப்பட்டவன் அக்காவின் பங்கைத் திருப்பித் தர வேண்டுமா?

தூக்கமற்றவன் கேட்கிறார்:

தந்தை இறந்தபின் வீட்டை விற்றது நான்தான். விலையைக் குறைத்துச் சொல்லி, அதில் பாதியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விசுவாசத்துக்குள் வந்தேன், ஞானஸ்நானமும் எடுத்தேன். போதகரிடம் இதைச் சொன்னபோது, "கழுவப்பட்டாயிற்று, பழையதைத் தோண்டாதீர்கள்" என்று, மனிதன் கிரியைகளால் (செயல்களால்) அல்ல, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் ரோமர் 3:28ஐக் காட்டினார்.

என் சிக்கல் இதுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், கிரியையால் நீதியைச் சம்பாதிக்கப் பார்க்கிறேனா? கொடுக்காவிட்டால், நான் விசுவாசம் என்று சொல்வதற்கு என்ன பொருள்?

எளியவன்:

ரோமர் 8:1 படியுங்கள், சகோதரரே. ஆக்கினைத்தீர்ப்பு இல்லை. குற்றம் சாட்டுகிறவன் பிசாசு. விட்டுவிடுங்கள்.

பழைய மாணவன்:

எளியவன் காட்டிய வசனம் சரி, அதை வைத்த இடம் தவறு. ரோமர் நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல், எட்டாம் அதிகாரத்துக்கு வருமுன் ஆறாம் அதிகாரத்தை எழுதியிருக்கிறார். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று தானே கேட்டு, "கூடாதே" என்கிறார். உங்கள் கேள்வியை அவரிடம் யாரோ முன்பே கேட்டிருக்க வேண்டும்!

"நீதிமானாக்கப்படுதல்" என்ற தமிழ்ச் சொல் நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. "ஆக்குதல்" என்றதும் மண்ணைப் பானையாக்குவதுபோல ஆளையே மாற்றிவிடுவதாகத் தோன்றுகிறது. பவுலின் கிரேக்கச் சொல்லுக்கு நீதிமன்ற வாசனை உண்டு: நீதிபதி ஒருவனை நீதிமான் என்று தீர்ப்பளிப்பது. தீர்ப்பு உங்கள் நடத்தைக்குக் கூலியாக வரவில்லை. ஆதியாகமம் 15இல் ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டபோது ஈசாக்கு பிறக்கவே இல்லை. மகனைப் பலிபீடத்தில் கிடத்தியது 22ஆம் அதிகாரத்தில். ஆபிரகாம் கிரியைகளினாலே நீதிமானாக்கப்பட்டான் என்று தன் நிருபத்தில் எழுதும் யாக்கோபு எடுத்துப் பேசுவது அந்தப் பிந்திய நாளை, பவுல் பேசுவது முந்திய நாளை. இருவரையும் சண்டையிட வைத்தது நாம்தான். (1522இல் சீர்திருத்தவாதி லூத்தரே யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். அதில் நான் அவரோடு இல்லை.)

இரட்சிப்பு கிருபையால்தான், கிரியைகளால் அல்ல என்னும் எபேசியர் 2இன் 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறோம். நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்ற 10ஆம் வசனத்தில் மூச்சு வாங்கிவிடுகிறோம். ஆகவே திருப்பிக் கொடுங்கள். தீர்ப்பை வாங்குவதற்காக அல்ல, தீர்ப்பு கிடைத்துவிட்டதால். வரி வசூலித்த சகேயுவும் அப்படித்தான்: இயேசு வீட்டுக்கு வருகிறேன் என்றார், அதன்பிறகே நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்ற பேச்சு வந்தது.

ஞாயிறு வாசகி:

நான் கத்தோலிக்கர். எங்கள் திருவிவிலியத்தில் அது "ஏற்புடையவராதல்". 1547இல் எங்கள் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், இது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளம் புதுப்பிக்கப்படுவதும்தான் என்றது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் எங்கள் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன: ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அல்ல, நற்செயல்கள் அதன் கனிகள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அக்காவின் பணம் அக்காவுக்கே என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்றே நினைக்கிறேன்.

பழைய மாணவருக்கு ஒன்று: "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது சகேயு பேசி முடித்தபின். உங்கள் வரிசை அவ்வளவு நேர்த்தியாக இல்லை.

பழைய மாணவன்:

உண்மைதான். அந்த எடுத்துக்காட்டில் அவசரப்பட்டுவிட்டேன்.

மூத்தவள்:

இங்கே எல்லாரும் தம்பியின் நிம்மதியைப் பற்றியே பேசுகிறீர்கள். நானும் அப்படி ஒரு அக்காதான். என் தம்பி பல ஆண்டுகள் கழித்துப் பணத்தோடு வந்து, வாசலிலேயே நின்று, "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று ஆரம்பித்தான். அந்த வாக்கியம் எனக்குப் பணத்தைவிட அதிகமாக வலித்தது. என்னிடம் அவன் இன்னும் கேட்கவே இல்லையே! தூக்கமற்றவரே, போகும்போது வசனம் எதுவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

தூக்கமற்றவன்:

நேற்று இரவு அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவுக்கு விற்றாய்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை பத்திர நகலைக் கொண்டு வா" என்று வைத்துவிட்டாள். இப்போது நகலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.