கடலை ஒட்டியே இருந்தும் அட்டகாமா ஏன் பாலைவனம்?

கேள்வி (புவியியல்_அம்மா):
மகளுக்கு மேப் சொல்லிக்கொடுக்கும்போது வந்த சந்தேகம். சிலியின் அட்டகாமா பசிபிக் கரையிலேயே கிடக்கிறது. கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், கிழக்குக் கரையில் இருக்கும் ரியோ டி ஜெனிரோவில் நல்ல மழை. இத்தனை தண்ணீர் பக்கத்தில் இருந்தும் இங்கே ஏன் மழை இல்லை?

பதில் (எஞ்சின்ரூம்):
நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். தாமிரம் ஏற்ற சிலியின் அன்டோஃபகாஸ்டா துறைமுகத்துக்குப் போவோம். எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் கடல்நீரின் சூட்டை எங்கள் பணிநேரம் முழுக்கக் குறித்துக்கொண்டே இருப்போம். நிலநடுக்கோட்டுப் பக்கம் 28, 29 டிகிரி காட்டும் மீட்டர், சிலிக் கரையில் குளிர்காலத்தில் 16, 17க்கு இறங்கிவிடும். ஹம்போல்ட் நீரோட்டத்தின் வேலை இது. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர், போதாததற்கு ஆழத்திலிருந்து மேலே வரும் இன்னும் குளிர்ந்த நீர்.

அந்தக் கடல்மேல் படியும் காற்று குளிர்ந்து கனத்துப்போகும். அதற்கு மேலே சூடான, உலர்ந்த காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். ஈரக்காற்று மேலே ஏறினால்தானே மழை? காலையில் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மலையின் தலையே தெரியாது, அவ்வளவு தாழ்வாக மேகம். ஆனால் பெய்யாது. அந்த மூடுபனிக்கு ‘கமன்சாக்கா’ என்று பெயர். சுங்குங்கோ என்ற மீனவ ஊரில் 1990களில் மலைமேல் வலை கட்டி, அதில் கோர்க்கும் நீரைக் குழாயில் இறக்கிக் குடித்தார்கள்!

வடக்கே அரிகா துறைமுகத்தில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே இல்லை. உலக சாதனை அது.

கேள்வி (புவியியல்_அம்மா):
அருமை! அப்போ குளிர் நீரோட்டம் மட்டும்தான் காரணமா?

பதில் (வானிலைப்_பைத்தியம்):
இல்லை. நிலநடுக்கோட்டில் மேலே ஏறி மழையைக் கொட்டிவிட்ட காற்று, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி உலர்ந்து கீழே இறங்குகிறது. சகாராவுக்கும் முக்கியக் காரணம் இதுதான். எஞ்சின்ரூம் சொன்ன ‘மூடி’யும் இந்த இறங்கு காற்றுதான். கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரத்தை ஆண்டீஸ் மலை மறித்துவிடுகிறது. ரியோவுக்கோ வெதுவெதுப்பான பிரேசில் நீரோட்டம், கடலிலிருந்து வீசும் காற்று, ஒட்டியே மலை.

பதில் (எஞ்சின்ரூம்):
உண்மை. ஆனாலும் கடல்சூட்டை லேசாக எண்ணாதீர்கள். 2015 மார்ச்சில் அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தபோதுதான் கோபியாபோ, சன்யரால் ஊர்களில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்கள் போயின. மகளிடம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். நமீப் பாலைவனம், பக்கத்திலேயே குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம்.