ஆக்ஸலாட்டல் சாப்பிடாமல் கிடந்தால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள் (அனுபவப் பகிர்வு)

செவுள்பூ:

"சாப்பிடவில்லை", "வால் நுனி சுருண்டிருக்கிறது", "செவுள் சுருங்கிப் போச்சு" என்று படம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். தண்ணீரின் சூடு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் தெர்மாமீட்டர் வாங்கப் போவார்கள். 28 என்று வரும். அதனால் இந்தத் திரியில் ஒரே ஏற்பாடு: தொட்டியில் என்ன கண்ணில் பட்டது, ஏன் அப்படி ஆனது, எதைச் செய்தால் சரியாகிறது. சொந்தக் கதை வேண்டாம், எண்கள் வேண்டும்.

நான் தொடங்கி வைக்கிறேன். ஆக்ஸலாட்டல், அதாவது வெளியே தெரியும் செவுளோடு தண்ணீரிலேயே வாழும் இந்தச் சாலமண்டரின் ஊர், மெக்சிகோ நகரத்தின் தெற்கில் உள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். சுமார் 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான். அந்தக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 20 வரை தாங்கும். 22ஐத் தாண்டினால் தீனி குறையும், 24க்கு மேல் பல நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், எடை இறங்கும்.

சூடு ஏறினால் மூன்று பக்கமும் அடி விழுகிறது. 18 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். அதே நேரத்தில் விலங்குக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பிஎச் 8 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் விஷ வடிவம் 18 டிகிரியில் 3.3 சதவீதம், 30 டிகிரியில் 7.4 சதவீதம். டெஸ்ட் கிட் காட்டும் நிறம் மாறாது, விஷம் இரட்டிப்பாகியிருக்கும்.

தொட்டித்தச்சன்:

சூடு பற்றிய பேச்சு வந்தாலே "ஐஸ் பாட்டில் போடுங்க" என்று ஒருவர் வந்துவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் உறைந்த பாட்டில் முழுதாக உருகி 18 டிகிரிக்கு வருவதற்குள் உறிஞ்சும் வெப்பம் சுமார் 410 கிலோஜூல். 100 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி இறக்க 418 கிலோஜூல் வேண்டும். ஆக ஒரு பாட்டிலுக்கு ஒரு டிகிரி. 32 டிகிரி அறையில் 18 டிகிரித் தொட்டிக்குள் கண்ணாடி வழியாக நுழையும் வெப்பமோ 100 வாட்டுக்குக் குறையாது, அதாவது மணிக்கு 360 கிலோஜூல். மணிக்கு ஒரு பாட்டில், ராத்திரி முழுக்க. யார் போடுவது? நடுவில் தூங்கிவிட்டால் 4 டிகிரி ஏறி, காலையில் அவசரமாக 4 டிகிரி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நிலையான 22ஐ விடக் கெடுதல்.

ஃபேன் வைத்து ஆவியாக்கினால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஆவியாவதால் மட்டும் தண்ணீர் குளிரக்கூடிய கடைசி எல்லை) கீழே போகவே முடியாது. சென்னை மே மாதத்தில் அதுவே 26, 27 இருக்கும். சமவெளியில் வளர்க்க சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) கட்டாயம். அதற்குக் காசு ஒதுக்க முடியாதவர்கள் விலங்கை வாங்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

100 முதல் 120 லிட்டர் தொட்டிக்கு 1/10 ஹெச்பி கம்ப்ரஸர் சில்லர் போதும். கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் பெல்டியர் வகைச் சின்னச் சில்லர்கள் இந்த வெப்ப வித்தியாசத்தில் தோற்றுப் போகும். பின்புறம், இரு பக்கம், அடிப்பகுதி நாலிலும் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் ஒட்டுங்கள். சில்லர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும். சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், தான் கக்கும் சூட்டையே திரும்ப இழுக்கும். காற்று வெளியேறும் பக்கம் ஒரு முழம் இடம் விடுங்கள்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை, கண்ணாடி வியர்ப்பது. அறைக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25, கண்ணாடி 18 என்றால் நாள் முழுக்கத் தண்ணீர் வழியும். பிளைவுட் ஸ்டாண்டு ஊறி உப்பி, ஒரு பக்கம் தாழ்ந்து, தொட்டியின் சிலிக்கான் ஒட்டு விட்டுக்கொடுத்த கேஸ்கள் உண்டு. இரும்பு ஸ்டாண்டு, முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன வாய்க்கால், பிளக்குக்குப் போகும் ஒயர்கள் தரைப்பக்கம் ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி கட்டுவது, கூடவே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). இவ்வளவும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

மலைக்காற்று:

கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்குத் தச்சர் சொன்ன செலவு பெரும்பாலும் கிடையாது. வெயில் விழாத சுவரோரம் தொட்டி, ஏப்ரல் மே மாதங்களுக்கு ஒரு கிளிப் ஃபேன். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்; குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்து கடினத்தன்மை ஏறும். ஃபேன் காற்றுக்காக மூடியைத் திறந்து வைக்கக் கூடாது. வளர்ந்த விலங்கு எம்பிக் குதித்துத் தரையில் காய்ந்து கிடக்கும். வலை மூடி போதும்.

நைட்ரைட் எதிரி:

சூட்டுக்கு அடுத்த கொலைகாரன் புதுத் தொட்டி. சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை விலங்கு, அடுத்த வாரம் செவுள் இழை கருகி உதிர்கிறது. கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 8 வாரம் ஆகும் (இதைத்தான் சுழற்சி என்கிறோம்), குறுக்கு வழி இல்லை. உயிரில்லாத தொட்டியில் செய்யும் முறை இது.

100 லிட்டருக்கு 0.63 கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் கலப்படம் தெரியாது; ஆய்வகத் தரத்தில் 100 கிராம் டப்பா வாங்கினால் ஆயுளுக்கும் போதும். சில்லரை அணைத்துவிடுங்கள். பாக்டீரியாவுக்கு 26, 28 டிகிரிதான் பிடிக்கும், நம் வெயில் உதவும் ஒரே இடம் இதுதான். அமோனியா பூஜ்யத்துக்கு வந்தால் மறுபடி 2 பிபிஎம். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரேட் ஏறும். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகித் தொடர்ந்து ஒரு வாரம் வந்தால் சுழற்சி முடிந்தது.

இங்கேதான் ஒரு கண்ணி. முடிந்ததும் சில்லரைப் போட்டு 18க்கு இறக்கினால் பாக்டீரியாவின் வேகம் குறையும். குளிர்ந்த தண்ணீரிலும் அதே சோதனையை இன்னொரு வாரம் செய்து பார்த்த பிறகே விலங்கு.

நடுவில் சுழற்சி நின்றுவிட்டால் கேஎச் (காரத்தன்மையின் அளவு) பாருங்கள். நைட்ரேட் ஆக்கும் வேலை காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். 3க்குக் கீழே போயிருந்தால் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு கேஎச் ஏற்றும். கடைசியில் நிற்க வேண்டிய அளவுகள்: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20க்குள், பிஎச் 7.4 முதல் 7.6, ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 7 முதல் 14. வாரம் 20 முதல் 25 சதவீதத் தண்ணீர் மாற்றம், புதுத் தண்ணீரின் சூடு 2 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படாமல்.

போர்வெல் வாளி:

@நைட்ரைட் எதிரி சகோ, தண்ணீரைப் பற்றி ஒரு சேர்க்கை. மெட்ரோ தண்ணீரின் குளோரினுக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதும். 2 பிபிஎம் குளோரின் உள்ள 100 லிட்டருக்குச் சுமார் 1 கிராம். குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் ஹைப்போ அதை உடைத்து அமோனியாவை மிச்சம் விட்டுவிடும், அதற்கு அமோனியாவையும் கட்டும் திரவம் வேண்டும். எதை வாங்கினாலும் கற்றாழை கலந்தது வேண்டாம். மீனுக்கு "வழவழப்பைக் காக்கும்" என்று விற்பதை இதன் தோலில் பரிசோதிக்கத் தேவையில்லை. போர்வெல்லில் ஜிஎச் 25, 30 என்று வந்தால் ஆர்ஓ தண்ணீர் பாதி கலக்கலாம். ஆர்ஓ மட்டுமே ஊற்றுவது தவறு, உப்பே இல்லாத தண்ணீரில் தோலும் செவுளும் கெடும்.

புழுப்பெட்டி:

கூழாங்கல் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ஆக்ஸலாட்டல் கடித்துத் தின்பதில்லை. வாயைப் படக்கென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். அடியில் கடலை அளவுக் கல் இருந்தால் அதுவும் உள்ளே போகும். சில கற்கள் மலத்தோடு வெளியே வரும், சில குடலை அடைக்கும். வயிறு ஒரு பக்கம் புடைத்து, மலம் நின்று, பின்பாகம் மேலே மிதந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கல்லின் அளவுக்கு விதி எளிது: அதன் தலையை விடச் சின்னதாக எதுவும் தொட்டியில் இருக்கக் கூடாது, நத்தை உட்பட. வெறும் கண்ணாடி அடி போதும். மணல்தான் வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மென்மணல், அதுவும் விலங்கு 15 சென்டிமீட்டர் தாண்டிய பிறகு.

சும்மா எப்போதாவது மேலே வந்து ஒரு மிடறு காற்று குடித்துவிட்டு இறங்குவது நோயில்லை. அடிக்கடி வந்தால் ஆக்சிஜன் குறைவு. செவுள் முன்பக்கமாக மடங்கியே இருந்தால் ஃபில்டர் நீரோட்டம் அதிகம். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறுங்கள், அல்லது சில்லரிலிருந்து திரும்பும் குழாயைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள்.

தீனிக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. உரத் தொட்டிப் புழுவில் இரண்டு சாதி கிடைக்கும். ஊதா மினுமினுப்போடு நீளமாக இருக்கும் ஆப்பிரிக்கப் புழுவை விரும்பித் தின்னும். வரிவரியாக இருக்கும் சின்னச் சிவப்புப் புழு மஞ்சள் நிறக் கசப்பு நீரைக் கக்கும், வாயில் வாங்கித் துப்பிவிடும். "பசியில்லை" என்று சொல்லப்படும் சில கேஸ்கள் இந்தக் கசப்புதான். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் புழு வேண்டவே வேண்டாம். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, தலையகலத்துக்கு வயிறு இருந்தால் அளவு சரி. சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு, தீனி மீன், மாட்டிதயம் மூன்றையும் தவிருங்கள். மீன் ஒட்டுண்ணி கொண்டுவரும், தப்பிப் பிழைத்தால் செவுளைக் கொறிக்கும்.

மலத்தை அன்றன்றே எடுக்க 60 மில்லி சிரிஞ்சில் ஏர் டியூப் மாட்டினால் போதும். ஒளிய 4 இஞ்ச் பிவிசி குழாய், வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இமை இல்லாத விலங்கு, பளிச்சென்ற விளக்கில் ஒளிய இடமில்லாவிட்டால் மூலையை முட்டிக்கொண்டே இருக்கும்.

செவுள்பூ:

வெள்ளைப் பஞ்சு மாதிரி செவுளில் ஒட்டியிருப்பதுதான் அதிகம் வரும் படம், அதையும் சொல்லிவிடுகிறேன். அது சாப்ரோலெக்னியா, பூஞ்சை என்று நாம் சொல்லும், பூஞ்சை போன்ற நுண்ணுயிர். தண்ணீரில் எப்போதும் இருக்கும், விலங்கு தளர்ந்தால்தான் ஏறும். முதல் வேலை 10 முதல் 15 லிட்டர் டப்பில் குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர், தினமும் முழுக்க மாற்றம். வலையில் பிடிக்காதீர்கள், விரலும் செவுளும் கண்ணியில் சிக்கும். டப்பாவால் தண்ணீரோடு அள்ளுங்கள். லேசான பூஞ்சைக்கு வாசனை சேர்க்காத கறுப்புத் தேநீர்ப் பை ஒன்றை ஊறவைத்து ஆறவிட்டு 8, 10 லிட்டரில் கலந்து 10 நிமிடம் விடலாம். தேநீரின் துவர்ப்புப் பொருளான டானின் தோலை இறுக்கும். விடாவிட்டால் உப்புக் குளியல்: லிட்டருக்கு 2 டீஸ்பூன், 10 நிமிடம், எக்காரணம் கொண்டும் 15ஐத் தாண்டாமல். உப்பு அயோடின் இல்லாததாக இருக்கட்டும். சமையல் உப்பு பாக்கெட்டில் அயோடின் இருக்கும், மீன் கடை உப்பு வாங்குங்கள். மெத்திலீன் புளூ டப்பில் மட்டும், தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்துவிடும். செம்பு, மாலகைட் கிரீன் கலந்த மீன் மருந்து கூடவே கூடாது.

தொட்டித்தச்சன்:

ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டீர்களே.

செவுள்பூ:

வேண்டுமென்றேதான் விட்டேன் அண்ணா. 5 முதல் 8 டிகிரியில் பூஞ்சை மந்தமாகும், ஆனால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே மந்தமாகும். 28லிருந்து நேராக 6க்குப் போட்டால் அதிர்ச்சியிலேயே போய்விடும். மருத்துவர் சொன்னால் செய்யலாம், படிப்படியாக. 16 டிகிரி டப் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும்.

புழுப்பெட்டி:

கால் போன கேஸ்: பதற வேண்டாம், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சில மாதங்களில் திரும்ப வளரும். ஆனால் ஏன் போனது? 3 முதல் 8 சென்டிமீட்டர் வரை குஞ்சுகள் அசைவதையெல்லாம் கவ்வும், கூடப் பிறந்ததன் காலையும். அளவு வாரியாகப் பிரியுங்கள்.

மலைக்காற்று:

ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் போடுகிறவர்களுக்கு: ஒரு ஈட்டில் சில நூறு முட்டை, ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. உலகத்துச் செல்ல ஆக்ஸலாட்டல்களில் பெரும்பகுதியின் வேர் 1863இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன 34 விலங்குகள் வரை போகிறது. ஏற்கெனவே நெருங்கிய இரத்தம். ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெரும்பாலும் அண்ணன் தங்கை. பொரிக்க வைக்காதீர்கள். முட்டையை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், ஏரியிலோ கிணற்றிலோ கொட்டக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. சைட்ஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ள விலங்கு என்பதால் 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நைட்ரைட் எதிரி:

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். வளர்ந்த விலங்கு ஒரு வாரம் பட்டினி தாங்கும், பக்கத்து வீட்டாரிடம் புழு கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பில் பத்துப் புழு போட்டு, தின்னாதது அழுகி, திரும்பி வரும்போது அமோனியா 4 இருக்கும். கிளம்புமுன் கால்வாசித் தண்ணீர் மாற்றம். சாவி வைத்திருப்பவருக்கு ஒரே வேலை, தினம் ஒரு தடவை சில்லரின் திரையைப் படம் எடுத்து அனுப்புவது. 21 காட்டினால் ஃப்ரீசரில் தயாராக இருக்கும் 1 லிட்டர் பாட்டிலை மணிக்கு ஒன்றாக, மூடி இறுக்கி, மிதக்கவிடச் சொல்லுங்கள். தச்சர் போட்ட கணக்கு ராத்திரி முழுக்க ஓட்டுவதற்குத்தான் உதவாது. சில்லர் மெக்கானிக் வரும் வரை நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்க உதவும்.