வாரம் 70 கி.மீ. ஓடும் பெண்ணுக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: நெடுந்தூரம்

மாரத்தானுக்குத் தயாராகும் ஒரு பெண்ணின் விவரம் இது. வயது 29, எடை 54 கிலோ. வாரம் 70 கி.மீ.; அதில் ஞாயிறு மட்டும் 28. செயலியில் பதிவாகும் சாப்பாடு நாளுக்குச் சுமார் 1750 கிலோ கலோரி. எடை ஒரு வருடமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 30 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிடாய் இப்போது 45 நாளுக்குத் தள்ளிப்போகிறது. தினமும் 500 மி.கி. கால்சியம் மாத்திரை எடுக்கிறார்.

மாத்திரையை 1000 ஆக்கினால் எலும்புக்குப் போதுமா? வைட்டமின் டி எவ்வளவு வேண்டும்? எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அவசியமா? ஓட்டமே எலும்பை உறுதியாக்கும், தனிக் கவனிப்பு எதற்கு என்கிறார்களே, அது சரியா?

பதில்: கலோரிக்கணக்கு

மாத்திரையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இதில் உறுத்துவது 500 மி.கி. இல்லை; 1750-ம் 45 நாளும்தான்.

ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்பின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சும் ஆற்றலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொழுப்பு 22% என்று வைத்தால், கொழுப்பு நீங்கலான எடை சுமார் 42 கிலோ. ஓட்டத்துக்கு ஒரு கி.மீ.க்கு, ஒரு கிலோ எடைக்கு, தோராயமாக 1 கிலோ கலோரி. சராசரி நாளில் 10 கி.மீ. என்றால் 540. 1750-ல் 540 போனால் 1210. அதை 42-ஆல் வகுத்தால், கொழுப்பு நீங்கலான ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 29 கிலோ கலோரி. இந்த எண் 45-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும். எல்லாருக்கும் சரியாக 30-ல்தான் தடுமாறும் என்றில்லை, சிலருக்கு அதற்கு மேலேயே தொடங்கிவிடும். ஞாயிறு இன்னும் மோசம்: 28 கி.மீ.க்கு 1500 செலவு. அன்று 2000 சாப்பிட்டாலும் மிஞ்சுவது 12 மட்டுமே.

எடை அசையாததால் சாப்பாடு போதும் என்று ஆகிவிடாது. வரவு குறைந்த வீடு போல உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். தைராய்டு ஹார்மோனான டி3 (T3) இறங்கும், சினைப்பையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் குறையும், சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வரத்து மெலியும். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களுக்குக் கடிவாளமே ஈஸ்ட்ரோஜன்தான். அது குறைவதற்கு முன்பே எலும்பு கட்டும் வேலை மந்தமாகிவிடும். 2004-ல் வெளியான ஆய்வில், பயிற்சிப் பழக்கம் இல்லாத இளம்பெண்களுக்கு ஆற்றலை 30-க்கு இறக்கிய ஐந்தே நாளில் எலும்பு உருவாவதைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் சரிந்தன.

இவருக்கு இலக்கு: 45 × 42 + 540, அதாவது நாளுக்கு 2400-ஐ ஒட்டி. ஒரேயடியாக ஏற்றச் சிரமமாக இருந்தால் தினம் 300-லிருந்து 600 வரை கூட்டித் தொடங்கலாம். எங்கே கூட்டுகிறோம் என்பதும் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, மதியம் வரை இழுத்தடித்து, ராத்திரியில் மொத்தமாக ஈடுகட்டினால் நாள் கணக்கு சரியாகத் தெரியும். இடையில் பல மணி நேரம் பற்றாக்குறையிலேயே ஓடியிருக்கும். ஓட்டத்துக்கு முன் மாவுச்சத்துள்ள ஏதாவது, 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து, முடிந்ததும் தள்ளிப்போடாமல் ஒரு முழு உணவு. புரதம் கிலோவுக்கு 1.2–1.6 கிராம்.

இன்னொன்று: மாவுச்சத்தை வெட்டும் டயட் இந்த நிலையில் வேண்டவே வேண்டாம். நார்ச்சத்தை அளவுக்கு மேல் அடுக்கினால் வயிறு நிரம்பிவிடும், கலோரி நிரம்பாது.

பதில்: மருந்தகக்குறிப்பு

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் மாத்திரையை முழுக்க ஒதுக்குவதற்கில்லை. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு 2000 மி.கி. கால்சியமும் 800 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2008) ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (அடி மேல் அடி விழுந்து எலும்பில் வரும் விரிசல்) 20% குறைந்தது. சாப்பாடு குறைந்த உடம்பை அது காப்பாற்றாது, அவ்வளவுதான்.

19–50 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 1000 மி.கி. மாதவிடாய் தவறும் வீராங்கனைக்கு 1500 மி.கி. வரை பரிந்துரைக்கிறார்கள். இது உணவும் மாத்திரையும் சேர்ந்த கணக்கு. 250 மி.லி. பாலில் ஏறத்தாழ 300 மி.கி. கிடைக்கும். தயிர், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு எல்லாம் நல்ல வழிகள். பாலக் கீரையை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் 5% அளவே உடம்பில் சேரும்.

லேபிளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "கால்சியம் கார்பனேட் 500 மி.கி." என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 40%, அதாவது 200 மி.கி.தான். 500 கிடைக்கக் கார்பனேட் 1250 மி.கி. இருக்க வேண்டும். சிட்ரேட்டில் 21%தான், மாத்திரை பெரிதாக இருக்கும், ஆனால் வெறும் வயிற்றிலும் சேரும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுங்கள். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போட்டால் உறிஞ்சும் விகிதம் குறையும், ஆகவே 1000-ஐ ஒரே வேளையில் போடுவதில் லாபம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வைட்டமின் டி-யை ஊகித்து விழுங்காமல் ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பாருங்கள். 20 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே குறைபாடு; ஓடுபவர்களுக்கு 30-க்கு மேல் வைத்திருக்கச் சொல்வது வழக்கம். மாதவிடாய் தவறுபவர்களுக்கு 1500–2000 ஐ.யு. தினசரி. மருத்துவர் சொல்லாமல் 4000-ஐத் தாண்ட வேண்டாம்.

நெடுந்தூரம்

நன்றி, மாத்திரைக் கணக்கு புரிந்தது. இரண்டு சந்தேகங்கள். சுழற்சியை ஒழுங்காக்கக் கருத்தடை மாத்திரை எடுத்தால் எலும்புக்கும் அது உதவுமா? பத்து நாளாக அவருக்கு முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலி இருக்கிறது. ஓட்டத்தைக் குறைத்தால் போதுமா?

பதில்: மூட்டும்எலும்பும்

கருத்தடை மாத்திரையில் வருவது மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் ரத்தப்போக்கு. சுழற்சி திரும்பியதற்கு அடையாளம் இல்லை. எலும்பு அடர்த்தியை மீட்க அது உதவுவதாகவும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, உடம்பு தரும் முக்கியமான எச்சரிக்கை மணியையும் மூடிவிடும். உணவைக் கூட்டிப் பல மாதங்கள் ஆகியும் மாதவிடாய் வராதவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) பட்டையும், சுழற்சி முறையில் புரோஜெஸ்டிரோனும் தருவது உண்டு. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. கருத்தடைக்காகவே ஏதாவது தேவைப்பட்டால், மூன்று மாதத்துக்கொரு முறை போடும் டெப்போ ஊசியைத் தவிர்க்கப் பாருங்கள்; அது எலும்பு அடர்த்தியைக் குறைக்கும்.

35 நாளைத் தாண்டிய சுழற்சி எதையும் "ஓடுபவர்களுக்கு இது சகஜம்" என்று விடக்கூடாது. கர்ப்பப் பரிசோதனையோடு ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), மாதவிடாய் தொடர்பான ஹார்மோன்களான புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து வேறு காரணங்களை விலக்கிய பிறகே ஆற்றல் பற்றாக்குறை என்று முடிவு செய்வார்கள்.

வலிக்கு வருவோம். விரலால் எலும்பின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்து, ஓடத்தொடங்கியதும் தணிந்தால் பெரும்பாலும் எலும்பின் மேலுறை எரிச்சல்தான் (ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்). ஒரே விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்து, ஓட ஓடக் கூடி, ராத்திரியிலும் தொந்தரவு கொடுத்தால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்றே நினைத்து ஓட்டத்தை நிறுத்துங்கள், குறைத்தால் போதாது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓடப்போய்த்தான் பலருக்கு விரிசல் முறிவாகிறது. எம்.ஆர்.ஐ. பாருங்கள்.

இடுப்பு மடிப்பில் வலி, ஒரே காலில் குதித்தால் கூடும் வலி என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம். ஊன்றுகோலோடு போய்க் காட்டுங்கள்.

டெக்ஸா: சுழற்சி தவறுவதோடு எலும்பு வலியும் இருப்பதால் எடுக்கலாம். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில், இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி ஸ்கோரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர்தான் கணக்கு. −2 வரை இயல்பு என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். ஓடும் பெண்ணுக்கு −1-க்குக் கீழே இருந்தாலே காரணம் தேட வேண்டும், ஏனென்றால் அவர் எலும்பு சராசரியைவிட மேலே இருக்க வேண்டியது.

பதில்: எடைப்பயிற்சி

முதல் பதிவின் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஓட்டம் எலும்பை உறுதியாக்கும் என்பது பாதி உண்மை. ஒரே திசையில் ஒரே அளவு அடி விழுந்துகொண்டே இருந்தால், சில பத்து அடிகளுக்குப் பிறகு எலும்புச் செல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பத்தாயிரமாவது அடியால் தேய்மானம்தான் கூடும், வளர்ச்சி இல்லை. முதுகெலும்புக்கு ஓட்டத்தால் கிடைக்கும் தூண்டுதலும் குறைவு.

எலும்பு கேட்பது குறைந்த எண்ணிக்கையில் பலமான அடி. 10 குதிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 விநாடி ஓய்வு, நாளுக்கு இருமுறை, நடுவில் பல மணி நேர இடைவெளி. இந்த ரீதியில் 16 வாரம் குதித்த பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி கூடியதை ஆய்வு காட்டியிருக்கிறது. அவசரத்தில் 30 விநாடியைச் சுருக்காதீர்கள், பலனே அந்த ஓய்வில்தான். கூடவே வாரம் இருமுறை ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்ற எடை தூக்கும் பயிற்சிகள்; ஐந்தாறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடைக்குப் படிப்படியாகப் போக வேண்டும்.

ஆனால் இவருக்கு இப்போது குதிப்பு கூடாது. முன்னங்கால் வலிக்கு விடை தெரிந்து, அழுத்தினாலும் வலி இல்லை என்றான பிறகு, உணவும் 2400-ஐத் தொட்ட பிறகு தொடங்கலாம். பழைய எலும்பை அரித்தெடுக்க மூன்று வாரம் போதும். அந்தக் குழியை நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். தூரத்தைத் திடீரென்று ஏற்றிய பிறகு இரண்டாவது மாதத்தில் கால் உடைவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். திரும்ப ஓடும்போது முதலில் நாட்களைக் கூட்டுங்கள், பிறகு தூரத்தை, வேகத்தைக் கடைசியில்.