சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா: அக்கா மகளுக்காகக் கேட்கிறேன், என் அனுபவத்தையும் சொல்கிறேன்

அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட் ஆஃப் 200க்கு 181. வீட்டில் பத்து நாளாக இதே பேச்சுதான். அத்தானுக்குச் சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. அக்காவுக்கு வீட்டிலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருந்தால் போதும். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை எனக்கு போன் போட்டு, "மாமா, நீங்க ரெண்டு மாதிரி இடத்துலயும் படிச்சிருக்கீங்கல்ல, எது நல்லாருந்துச்சு?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், அப்படியே அவளுக்கு அனுப்பப் போகிறேன்.

நான் 2009ல் பி.இ. சேர்ந்தேன், இ.இ.இ., அதாவது மின் மற்றும் மின்னணுப் பொறியியல். அப்போது கவுன்சிலிங் என்றால் கிண்டிக்கு நேரில்தான் போக வேண்டும், ஆன்லைன் எல்லாம் 2018ல்தான் வந்தது. அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறிப் போய், பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் சீட் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நாங்கள் தாளில் எழுதிக்கொண்டு போன பட்டியலில் முதல் ஆறும் எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டன. ஏழாவது எங்கள் மாவட்டத்திலேயே, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு இணைப்புக் கல்லூரி, சுற்றிலும் மானாவாரிக் காடு, ஒரே ஒரு டீக்கடை. எங்கள் துறையில் 31 பேர். அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அந்த 31தான் எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் என்று ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது. இரண்டாம் வருடம் மெஷின்ஸ் லேபில் டி.சி. ஷன்ட் மோட்டார் லோடு டெஸ்ட் என்று ஒன்று வரும், சுமை ஏற்ற ஏற்ற மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற சோதனை, இ.இ.இ. படித்தவர்களுக்குத் தெரியும். பிரேக் டிரம்மில் பெல்ட்டைச் சுற்றி இரண்டு ஸ்பிரிங் பேலன்ஸில் மாட்டி, இறுக்க இறுக்க மோட்டார் முக்கும், டிரம் சூடேறி பெல்ட் கருகும் வாசம் வரும், மக்கில் தண்ணீர் எடுத்து டிரம்முக்குள் ஊற்றிக்கொண்டே ரீடிங் எடுக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒரு மோட்டார். கனெக்‌ஷன் கொடுப்பது, ஸ்டார்ட்டர் தள்ளுவது, தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாமே முறை வைத்து எல்லோரும் செய்தோம். ஒருநாள் நான் ஃபீல்டு ரியோஸ்டாட்டை, அதாவது மோட்டாரின் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்தடையை, குறைந்த நிலையில் வைக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்துவிட்டேன், மோட்டார் கன்னாபின்னா என்று வேகம் எடுத்தது. லேப் அண்ணன் ஓடி வந்து மெயினை இறக்கினார். திட்டவில்லை. "ஃபீல்டு குறைஞ்சா வேகம் கூடும்னு புஸ்தகத்துல படிச்சிருப்ப, இப்ப காதால கேட்டுட்டல்ல" என்றார். இன்றைக்கும் எந்த மோட்டார் பக்கத்தில் போனாலும் அந்தச் சத்தம் ஞாபகம் வரும்.

சரி, கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடப் பாதியில் எங்கள் துறையில் நன்றாகச் சொல்லிக்கொடுத்த இரண்டு பேர் ஒரே மாதத்தில் வேலையை விட்டுப் போனார்கள். சம்பளம் இரண்டு மாதம் தரவில்லை என்று பிறகு தெரிந்தது. பவர் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு வந்தவர் அதற்கு முந்தின வருடம் பி.இ. முடித்தவர், பாவம், அவரும் எங்களோடு சேர்ந்து டூ மார்க்ஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். 31 பேரில் 19 பேருக்கு அந்தப் பாடத்தில் அரியர். பெரிய இடம் என்றால் இரண்டு பேர் போனாலும் துறை நிற்கும். சின்ன இடத்தில் இரண்டு பேர் போனால் துறையே போய்விடும். எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரி தேடுகிறவர்கள் கட்டிடத்தைப் பார்க்கிறார்கள், பஸ் எத்தனை என்று பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

வேலைவாய்ப்பு விஷயமும் அப்படித்தான். எங்கள் கல்லூரிக்கு கம்பெனி வராது, பூல் கேம்பஸ் என்று வேறு கல்லூரிக்கு எங்களைக் கூட்டிப்போவார்கள். காலை நாலரைக்கு பஸ். போய் இறங்கினால் பல கல்லூரிப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில், எல்லோரும் அதே வெள்ளைச் சட்டை கறுப்பு பேன்ட். எங்கள் முறை வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நான்கு முறை போனேன், நான்கு முறையும் எழுத்துத் தேர்வோடு திரும்பினேன்.

அப்புறம் ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து, எம்.இ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, 2014ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. கிடைத்தது. 1794ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய இடம், அந்தச் செங்கல் கட்டிடத்தைப் பார்த்ததும் அப்பா கை எடுத்துக் கும்பிட்டார். ஹை வோல்டேஜ் லேபில் முதல் நாள் நின்றபோது, பி.இ.யில் நான் பரீட்சைக்காகப் படம் வரைந்து பாகம் குறித்த இம்பல்ஸ் ஜெனரேட்டர், மின்னல் மாதிரி உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிற கருவி, ஆளை விட உயரமாக எதிரில் நின்றது. ஆனால் கருவியை விட எனக்குப் பெரிதாகப் பட்டது கூட இருந்தவர்கள். மெஸ்ஸில் சாப்பிடும்போது ஒருவன் அகில இந்திய அளவில் நடக்கும் கேட் (GATE) தேர்வைப் பற்றிப் பேசுவான், ஒருவன் தான் எழுதும் பேப்பரைப் பற்றிப் பேசுவான், காதில் விழுவதிலேயே பாதி படிப்பு வந்துவிடும். என் பழைய கல்லூரியில் கேட் தேர்வு என்று ஒன்று இருப்பதையே கடைசி வருடத்தில்தான் கேள்விப்பட்டோம்.

ஒன்று மட்டும் அங்கே கவனித்தேன். பி.இ.யை மிகப் பெரிய இடங்களில் படித்துவிட்டு எம்.இ.க்கு வந்த சிலர் மெஷினில் கை வைக்கத் தயங்கினார்கள். லேபில் பத்துப் பேர் குழுவாக நின்று, ஒருவன் செய்ய மற்றவர்கள் ரீடிங் எழுதிக்கொண்டு வந்தவர்கள். அங்கே நான் முன்னால் போய் நின்றேன் என்றால் அது அந்த 31 பேர் வகுப்பு கொடுத்ததுதான்.

* * *

நான் ஒரு அப்பா. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். என் பையன் போன வருடம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான், பெயர் வேண்டாம். அவன் துறையில் மட்டும் வகுப்புப் பிரிவுகள் ஏ, பி, சி என்று ஆரம்பித்து எழுத்து தீர்ந்துவிடுமோ என்கிற அளவுக்கு இருந்தது. சேர்க்கும் அன்றைக்கு ஏசி ஆடிட்டோரியத்தில் போன வருடம் எத்தனை லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று படம் போட்டார்கள். அந்தச் சம்பளம் எத்தனை பேருக்கு, மொத்தம் எத்தனை ஆயிரம் பேரில், என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் கேட்க மாட்டார்கள் என்று பேங்கில் சொன்னார்கள், எங்களுக்கு அது இரண்டு வருடத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது, மிச்சத்துக்கு வீட்டுக்காரி நகை.

பையன் கெட்டுப்போகவில்லை. வேலையும் கிடைத்தது. பல மாநிலப் பிள்ளைகளோடு பழகி இந்தியும் இங்கிலீஷும் தாராளமாகப் பேசுகிறான், அதெல்லாம் எங்கள் ஊரில் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க அவன் சரியாக வகுப்புக்கே போகவில்லை, மனசு சரியில்லாமல் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். வருகைப் பதிவு குறைவு என்று எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது, அவ்வளவுதான். ஒரு வாத்தியார் போன் போட்டு என்னாச்சு என்று கேட்கவில்லை. அவருக்கும் அத்தனை பேரில் இவன் முகம் தெரிந்திருக்காது. நான்தான் பஸ் ஏறிப் போய் ஒரு வாரம் லாட்ஜில் தங்கி, தினமும் சாயங்காலம் அவனை வெளியே கூட்டிப்போய் சாப்பிட வைத்துவிட்டு வந்தேன். தம்பி, உங்கள் அக்கா மகள் தனக்கு ஒன்று வேண்டுமென்றால் தானே போய்க் கேட்கிற பிள்ளையா என்று முதலில் பாருங்கள். அப்படி என்றால் பெரிய இடம் அவளுக்குத் திருவிழா மாதிரி. கேட்கத் தயங்குகிற பிள்ளை என்றால் யோசியுங்கள்.

* * *

சின்னது என்றாலே டீக்கடையும் பொட்டல் காடும்தானா? நான் காரைக்குடி சிக்ரியில் படித்தவன். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அதற்குள்ளேயே பி.டெக். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் என்று ஒரே ஒரு பிரிவு உண்டு, பொறியியல் கவுன்சிலிங் வழியாகத்தான் சீட், பட்டம் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். நாற்பது பேர் அளவுக்குத்தான் வகுப்பு. பாடம் எடுப்பவர்கள் அங்கே பேட்டரியிலும் அரிப்புத் தடுப்பிலும் ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகள். வகுப்பு முடிந்து சந்தேகம் என்று போனால் அவர் லேபிலேயே நிற்க வைத்துப் பேசுவார். கூட்டம் கிடையாது, பெரிய கலை விழா கிடையாது, சாயங்காலம் போக்கிடம் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது, என் அறை நண்பனுக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

* * *

பதினோரு வருடம் இணைப்புக் கல்லூரிகளில் ஆசிரியையாக இருந்தவள் நான். முதலில் எழுதியவர் சொன்ன "இரண்டு பேர் போனால் துறையே போய்விடும்" என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கும். என் பக்கத்து மேஜையில் அன்று மட்டும் ஒருவர் வந்து உட்கார்வார், டீ குடிப்பார், மறுநாள் இருக்க மாட்டார். 2024ல் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு, ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேர வேலையில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்ததை வெளியே கொண்டுவந்தபோது என்னோடு வேலை பார்த்த யாருக்கும் அது புதிய செய்தியாக இல்லை.

அதனால் இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை நம்பாதீர்கள். கல்லூரி நடக்கும் நாளில் போய், கேன்டீனில் இருக்கும் மூன்றாம் வருடப் பிள்ளையிடம், நீ முதல் வருடம் வந்தபோது இருந்த சார், மேடம் யாரெல்லாம் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தாறு பெயர் தயங்காமல் வந்தால் நல்ல துறை. யோசித்து யோசித்து ஒரு பெயர் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதையும் ஒரு செமஸ்டருக்கு மட்டும் பார்க்காமல் நான்கைந்து செமஸ்டருக்குப் பாருங்கள். திடீரென்று விழுந்திருந்தால் அங்கே யாரோ வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்திருக்கிறாள். அப்பா ஒருவர் எழுதியதை அத்தானுக்கு அவளே வாசித்துக் காட்டினாளாம், அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள்.

மேடம் சொன்ன மாதிரியே போன வாரம் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி. கவுன்சிலிங் சீட் என்றால் வருடம் ஐம்பது, ஐம்பத்தைந்தாயிரம், பஸ் தனி. மெஷின்ஸ் லேப் கேட்டுத்தான் திறந்தார்கள். பிரேக் டிரம் உள்ளே காய்ந்து துரு ஏறி, விரல் வைத்தால் செம்மண் மாதிரி ஒட்டியது. தண்ணீர் ஊற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ. கேன்டீனில் இருந்த பையனுக்கு ஒரு சார் பெயர்கூடச் சரியாக வரவில்லை.

மறுநாள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரி. அதுவும் சின்னதுதான், கட்டிடம் வெள்ளையடித்துப் பல வருடம் இருக்கும், ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் காலையிலும் மாலையிலும்தான். ஆனால் லேபில் தரை ஈரமாக இருந்தது, ஓரத்தில் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன, ஒரு பேட்ச் அப்போதுதான் முடித்துவிட்டுப் போயிருக்கிறது. லேப் உதவியாளரிடம் நான் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன், அவர் இவளைப் பார்த்து "நீ தள்ளிப் பாக்குறியாம்மா?" என்று ஸ்டார்ட்டரைக் காட்டினார். ஃபீல்டு ரியோஸ்டாட் எங்கே இருக்க வேண்டும் என்று அவரே வைத்துக் காட்டிவிட்டு மெயினைப் போட்டார். இவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு குமிழாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள், கடைசியில் காந்தம் டக்கென்று பிடித்துக்கொண்டதும் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

சாய்ஸ் பட்டியலில் அதைத்தான் முதலில் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே பதினாலு கல்லூரி, அத்தானுக்காக அவர் சொன்ன மூன்றையும் சேர்த்து. அடுத்த வியாழக்கிழமை ஒதுக்கீடு வருகிறது. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.