கட்டபொம்மன் வசனமும் நெல்லைப் பேச்சும்

கேள்வி: பாளையங்கோட்டை ஆசிரியை

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவன் அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாக வந்து, 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் வரி கேட்கும் காட்சியை முழங்கிவிட்டுப் போவது வழக்கம். இவ்வாண்டு ஒத்திகையின்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “டீச்சர், கோவம் வந்தா யாரு இப்படிப் பேசுவா?” என்று கேட்டுவிட்டான். எதிர்த்து நிற்பது என்றாலே திரையில் செந்தமிழும் அடுக்குமொழியும் வந்துவிடுவது ஏன்? நம் பேச்சுத் தமிழில் அதற்கு இடமில்லையா?

மறுமொழி: பழைய நாடக ரசிகர்

அந்த வசனம் மேடையிலிருந்து வந்தது. சிவாஜி கணேசன் முதலில் நாடகமாக நடித்ததே பிறகு படமானது. இரண்டுக்கும் எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. கடைசி வரிசைக்காரரையும் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டிய மேடைத் தமிழுக்கு எதுகையும் மோனையும் தேவைப்பட்டன. கட்டபொம்மனின் வீட்டுமொழி தெலுங்கு என்பதையும், கலெக்டர் ஜாக்சனை அவர் 1798இல் சந்தித்த இடம் இராமநாதபுரம் என்பதையும் நினைத்தால், அந்தக் காட்சியில் ஊர்ப்பேச்சைத் தேடுவதே வீண். வசனம் எனக்கு இன்றும் மனப்பாடம். அது வேறு கதை.

மறுமொழி: கயத்தாற்றுக்காரன்

எங்கள் ஊரில் 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். விசாரணை நடந்த நேரம் முழுவதும் அவர் அஞ்சாமல் நின்றதையும், தம்மைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் இகழ்ச்சியோடு அடிக்கடி பார்த்ததையும், தூக்குமரத்துக்கு உறுதியான நடையோடு போனதையும் அந்த வெள்ளைக்காரரே பதிந்திருக்கிறார். கொன்றவனை எழுத வைத்தவை ஒரு பார்வையும் ஒரு நடையும்தான். திரைக்கு அது போதவில்லை.

மறுமொழி: அம்பாசமுத்திரம் வயற்காட்டான்

ஊர்ப்பேச்சில் இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். என் தாத்தா குத்தகைக்கு உழுதவர். பண்ணையார் “ஏலே” என்று கூப்பிட்டால் “சொல்லுங்க சாமி” என்பதே வழக்கம். ஓர் அறுப்புக் காலத்தில், அளந்த நெல்லில் குறைவு கண்ட அன்று, களத்துமேட்டில் மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சொல்லும்” என்றாராம். அவ்வளவுதான். ‘உங்க’ போய் ‘உம்’ வந்துவிட்டது. சமமானவர்கள் நீர், உமக்கு என்று பேசிக்கொள்ளும் நம் பக்கத்தில் அந்த ஒரு விகுதியின் எடையை எல்லோரும் அறிவார்கள். அதற்குப் பண்ணை வீட்டில் வைத்த பெயர் திமிர். எங்கள் வீட்டில் வைத்த பெயர் ரோசம். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது என்று நினைத்தோ என்னவோ, நெடுங்காலம் திரை இதைத் தொடவில்லை. 2021இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் பேருந்து நிற்காத ஊரின் மக்கள் வட்டாரத் தமிழிலேயே எதிர்க்கிறார்கள். ஊர்ப் பெரியவரின் பெயர் துரியோதனன் என்பதே அங்கு அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று அந்தப் பையனிடம், வசனம் முடிந்ததும் பேசாமல் சற்று நேரம் ஜாக்சனை முறைத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகவே நின்றான். பின்னால் நின்ற சத்துணவு அக்காதான் பதறிப்போய், “பிள்ளைக்கு வசனம் மறந்துட்டு போல, எடுத்துக் குடுங்க டீச்சர்” என்றார்.