மறு: சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் மருந்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த சொற்களை ஒரே மடலில் வைத்துப் பார்த்து, எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, பையின் தசைக்குள் இறங்குவதற்கு முன்பே பிடிபடுகிறது. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் திரும்பத் திரும்ப முளைப்பது இந்த நோயின் குணம். அதனால் மெல்லிய குழாய் வழியாக மருந்தை நேரே பைக்குள் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் உள்ளேயே வைத்திருந்து, பிறகு சிறுநீரோடு வெளியேற்றச் சொல்வார்கள். மருந்து மைட்டோமைசின், ஜெம்சிடபைன் போன்ற கீமோவாக இருக்கலாம். நோய் முற்றும் அபாயம் கூடுதலானவர்களுக்குப் பெரும்பாலும் பி.சி.ஜி., காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே மருந்து. நோயாளிகளுக்கான கையேட்டில் இந்த முறைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

> "உட்செலுத்தல்" என்று ஏற்கெனவே புழங்குகிறதே, அது போதாதா?

போதாது. "செலுத்து" என்றாலே இன்று ஊசிதான். கொரோனா காலத்தில் "தடுப்பூசி செலுத்தப்பட்டது" என்று தினமும் படித்துப் படித்து அது அப்படியே ஊன்றிவிட்டது. பி.சி.ஜி. என்றால் இன்னும் மோசம். என் பெரியப்பாவுக்கு முதல் தவணை அன்று, "இன்னைக்கு பி.சி.ஜி. போடணும்" என்று நர்ஸ் சொன்னதும் அவர் சட்டைக்கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏற்கெனவே தழும்பு இருக்கே, இந்தப் பக்கம் போடலாமா?" என்று வேறு கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டு, குழாயை எடுத்துக் காட்டினார். பெரியப்பா சிரிக்கவில்லை.

அவர் குழம்பியதில் தப்பே இல்லை. பொருள் அதேதான். கால்மெட், குவேரின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் 13 ஆண்டுகள் ஆய்வகத்தில் மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த அதே உயிருள்ள கிருமி. 1976-இல் கனடாவில் மொராலஸும் அவருடன் இருந்தவர்களும் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் அதை விட்டுப் பார்த்து, பலன் இருப்பதாக எழுதினார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது தெரியுமா? அவர்களுக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. இன்றும் உலகம் முழுக்க அந்த ஆறு வாரம்தான்!

> சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் "பீச்சு" இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா சொல்வது நியாயம். ஆயுர்வேதத்தில் உத்தரவஸ்தி என்றே ஒரு முறை உண்டு, சிறுநீர்ப் பாதை வழியாக மருந்து விடுவது. ஆகவே நம் பக்கத்து மருத்துவங்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. ஆனால் பீச்சு என்றால் வேகமாக அடிப்பது என்று காதில் விழுகிறது. குடல் கழுவும் நினைப்பும் கூடவே வரும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ஐம்பது மில்லி மருந்து, சொந்த எடையில் மெல்ல இறங்க வேண்டும். பி.சி.ஜி.யை அழுத்தி ஏற்றினால், குழாய் உரசிப் புண்ணான இடம் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் போய்விடலாம் என்பதுதான் மருத்துவர்களின் பெரிய பயம். குழாய் போடும்போது இரத்தம் வந்தால் அன்று மருந்தே வைக்காமல் ஒரு வாரமாவது தள்ளிப்போடுவது இதனால்தான். பீச்சு வேண்டாம்.

> குறள் 660: பசுமட் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று. பெய்து + இருத்தி. உள்ளே ஊற்றி நிறுத்தி வைப்பது! "பெய்திருத்தல்" என்று வைப்போம்.

படித்ததும் எனக்கும் துள்ளல்தான். இரண்டு செயலையும் ஒரே சொல்லில் வள்ளுவர் வைத்திருக்கிறார். சுடாத மண்கலத்தில் ஊற்றிய நீர் கசிந்து போகும் என்பதற்கான உவமை அது. சிறுநீர்ப்பை நோயாளிக்குச் சொல்ல உகந்த உவமையா என்பது வேறு கதை. ஆனால் அடுத்த மடலிலேயே திருநெல்வேலி அம்மா போட்டு உடைத்துவிட்டார்: "பிள்ளை பாயில மூத்திரம் பெஞ்சிட்டான்னுதான் எங்க ஊர்ல சொல்வோம். பெய்திருத்தல்னு எழுதினா, வைக்கச் சொல்றீங்களா, போகச் சொல்றீங்களா?" இதற்குப் பதில் கிடையாது. வேறு எந்த உறுப்புக்கும் "பெய்" பொருந்தலாம், இந்த உறுப்புக்கு மட்டும் ஆகாது.

"தேக்கம்" என்று இருவர் எழுதியிருந்தார்கள். "சிறுநீர்த் தேக்கம்" என்றால் சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது. அதே வார்டில் அடுத்த கட்டிலில் இருப்பவரின் நோய் அது.

"கீமோ" என்றே போட்டுவிடலாம், எல்லாருக்கும் தெரியும் என்ற யோசனைக்கும் நான் எதிர்ப்பு. பி.சி.ஜி. கீமோவே அல்ல, பைக்குள் உடலின் தடுப்பாற்றலைக் கிளறிவிட்டு, அதை வைத்துப் புற்றை அடிக்கிற முறை. கீமோ என்றதும் முடி கொட்டும், வாந்தி வரும் என்று வீடே பதறும். பைக்குள் வைக்கிற மைட்டோமைசின்கூட இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். அதற்கு முடி கொட்டுவது அரிது. நோய் தசைக்குள் இறங்கியவர்களுக்கு நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் வகைக் கீமோ வேறு சங்கதி. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் கையேடு எழுதியே பயனில்லை.

சரி, என் பரிந்துரை: பெய்திரீஇ என்பதில் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பையிருத்தல். மருந்து "பையிருத்து மருந்து". உள்ளே வைத்திருக்கும் நேரம் "இருத்து நேரம்". மனதில் இருத்து என்று எல்லாரும் எழுதுகிறோம், புரியாமல் போகாது. நோயாளிகளும் "பையில மருந்து வச்சாங்க" என்றுதான் பேசுகிறார்கள். "வை"க்குப் பக்கத்துவீடுதான் "இருத்து".

கையேட்டில் எப்படி உட்காருகிறது என்று எழுதிப் பார்த்தேன்:

"பையிருத்தலுக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர், காபி குறைத்துக்கொள்ளுங்கள். பை நிரம்பினால் இருத்து நேரம் முழுக்கத் தாங்க முடியாது, மருந்தும் நீர்த்துப்போகும். பி.சி.ஜி.க்கு இருத்து நேரம் இரண்டு மணி வரை. அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சிறுநீரில் உயிருள்ள கிருமி இருக்கிறது. எரிச்சல், அடிக்கடி போக வேண்டியிருப்பது, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். 101 டிகிரியைத் தாண்டினாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் 'எனக்கு பி.சி.ஜி. பையிருத்தல் நடந்திருக்கிறது' என்று சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன். காய்ச்சலோடு தெருமுனை டாக்டரிடம் போகும் நோயாளி "பி.சி.ஜி. ஊசி போட்டாங்க" என்றால், அவர் காதில் சாதாரணத் தடுப்பூசி என்றுதான் விழும். கிருமி உடலில் பரவியிருந்தால் காசநோய் மருந்து தேவைப்படும். அதிலும் பைரசினமைடு என்ற காசநோய் மருந்து இந்தக் கிருமிக்கு எடுபடாது. மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் இந்தத் தொற்று தலைகாட்டியதுண்டு.

சில துணைச்சொற்கள். கதீட்டருக்கு "வடிகுழாய்" இங்கே பொருந்தாது, வடிப்பதற்கு அல்ல விடுவதற்குத்தானே போடுகிறோம்; வெறும் "குழாய்" போதும். இம்யூனோதெரபிக்கு "தடுப்பாற்றல் சிகிச்சை" அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முதல் ஆறு வாரம் முடிந்தபின், 3, 6, 12 என்று மாதக் கணக்கில், ஒவ்வொரு முறையும் மூன்று வாரம், அபாயம் கூடியவர்களுக்கு மூன்று ஆண்டு வரை தொடர்ந்து வைப்பார்கள். பலரும் நடுவில் விடுவது இந்தக் கட்டத்தில்தான். இதைப் "பராமரிப்புத் தவணை" என்கிறார்கள். பராமரிப்பு என்றால் லிஃப்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சொல்வது மாதிரி இருக்கிறது, தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்ற தொனி. "தொடர்காப்புத் தவணை" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. திருநெல்வேலி அம்மா என்ன சொல்கிறார்கள்?