லினக்ஸில் ரீப்பர்: பஃபர் 128 வைத்தால் சத்தம் வெடிக்கிறது, வைக்காவிட்டால் குரல் தாமதமாக வருகிறது

சுருதிப்பெட்டி:

வணக்கம். வீட்டில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்யத் தம்பியின் பழைய லேப்டாப், இரண்டு மைக் சொருகும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் மென்பொருள். லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கிறது, உபுண்டு 24.04-ம் இருக்கிறது. விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ரீப்பர் இன்டர்ஃபேஸோடு பேசும் வழி), பஃபர் (ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128, சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஒலி அளவீடு) 48000. ஒரு தொல்லையும் இல்லை.

அதே ப்ராஜெக்ட்டை உபுண்டுவில் திறந்தால் படுத்துகிறது. ரீப்பரில் ஆடியோ சிஸ்டத்தை, லினக்ஸின் ஒலி வழிகளில் ஒன்றான 'ஜாக்' என்று வைத்தால் சத்தம் சுத்தமாக வருகிறது, ஆனால் பாடுகிறவருக்கு ஹெட்ஃபோனில் தன் குரலே பின்னால் வந்து விழுகிறது. பஃபரை எவ்வளவு மாற்றினாலும் வித்தியாசம் தெரியவில்லை. 'ஆல்சா' (இன்டர்ஃபேஸை நேராக அணுகும் வழி) என்று வைத்து 128 கொடுத்தால் தாமதம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் குரல் ட்ராக்கில் ரெக்கார்ட் பொத்தானை ஏற்றிய உடனே டப் டப் என்று வெடிக்கிறது. வெறுமனே ஓடவிட்டால் வெடிப்பதில்லை. மொத்தமே தம்புரா, தாளம், குரல் இரண்டு என்று நான்கு ட்ராக்தான். சிபியூ 20 சதவீதம்கூடக் காட்டவில்லை. இதற்கா திணறும்?

எக்ஸ்ரன் வேட்டை:

மேடம், இது இரண்டு தனித்தனி வியாதி. தாமதத்தை முதலில் பார்ப்போம்.

ஜாக் என்று வைத்தாலும் உபுண்டு 24.04-ல் அடியில் ஓடுவது பைப்வயர், உபுண்டுவின் ஒலிப் போக்குவரத்தைக் கவனிக்கும் சேவை. ஜாக் முறையில் பஃபர் அளவை ரீப்பர் தீர்மானிப்பதில்லை, பைப்வயர் தருவதை வாங்கிக்கொள்ளும். யாரும் எதுவும் கேட்காவிட்டால் அது தருவது 1024. 48000-ல் 1024 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம் என்பது ஒரு தடவை எடுக்கும் சாம்பிள்) என்றால் 21.3 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று கூட்டினால் 40-ஐத் தாண்டிவிடும். பாடுகிறவருக்கு அது கட்டாயம் உறுத்தும்.

ரீப்பர் ஜன்னலின் மேல் வலது மூலையில் சாம்பிள் ரேட், பஃபர், மில்லிசெகண்ட் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அங்கே என்ன போட்டிருக்கிறது? அப்புறம் டெர்மினலில் பைப்வயரின் நிலையைக் காட்டும் பிடபிள்யூ-டாப் கட்டளையை ஓட்டி, குவாண்ட் (பைப்வயரின் பஃபர் அளவு) பத்தியில் என்ன எண் என்று பாருங்கள். அதே வரிசையில், கெடு தவறியதை எண்ணும் எர்ர் என்று ஒரு பத்தியும் இருக்கும். வெடிக்கும்போது அந்த எண் ஏறுகிறதா என்றும் சொல்லுங்கள்.

மூணாம் காலம்:

96000-க்கு மாற்றிவிடுங்கள், தாமதம் பாதியாகிவிடும். முடிந்தால் நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள்.

எக்ஸ்ரன் வேட்டை:

@மூணாம் காலம், 96000-ல் 128 ஃப்ரேம் 1.33 மில்லிசெகண்ட்தான், சரி. ஆனால் ஒரு செகண்டில் செய்ய வேண்டிய கணக்கு இரட்டிப்பாகும். ஏற்கெனவே வெடிக்கிற லேப்டாப்பில் அது எதற்கு? இன்டர்ஃபேஸும் விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறதே. இப்போதைக்குப் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

சுருதிப்பெட்டி:

பார்த்தேன். குவாண்ட் 1024 என்றுதான் இருக்கிறது. ரீப்பர் மூலையிலும் 1024. விண்டோஸில் அதே மூலையில் 128, பக்கத்தில் 6.1/7.4 என்று இருந்தது.

எக்ஸ்ரன் வேட்டை:

அந்த 6.1/7.4-ஐக் கவனியுங்கள், சத்தம் உள்ளே வரவும் வெளியே போகவும் ஆகும் மில்லிசெகண்ட் அது. 128 ஃப்ரேமுக்கு 2.67 மில்லிசெகண்ட்தான் வர வேண்டும். மீதி, அந்த டிரைவர் தன் பாதுகாப்புக்காக உள்ளே வைத்திருக்கும் கூடுதல் பஃபர். அதாவது விண்டோஸின் 128-ம் ஆல்சாவின் 128-ம் ஒன்றல்ல. அங்கே மூச்சு விட இடம் இருந்தது, ஆல்சாவில் நீங்கள் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது.

இப்போது ஜாக் முறையிலேயே இருங்கள். பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையால் செட்டிங்ஸ் பகுதியில் 'க்ளாக் ஃபோர்ஸ் குவாண்டம்' மதிப்பை 128 ஆக்குங்கள். 0 கொடுத்தால் பழையபடி ஆகிவிடும், பயம் வேண்டாம். ஆல்சா நேரடியாக வேண்டும் என்றால் ரியல்டைம் முன்னுரிமைக்கான (ஒலி வேலையை மற்ற வேலைகளுக்கு முன்னால் ஓடவிடும்) அனுமதியை, ஆடியோ குழுவில் உங்களைச் சேர்த்து லிமிட்ஸ் கோப்பில் எழுதி, நீங்களே கொடுக்க வேண்டும். பைப்வயருக்கு அதை ஆர்டிகிட் என்ற பின்னணிச் சேவை வாங்கித் தந்துவிடுகிறது. ஆல்சாவிலேயே இருந்தாலும் யூஎஸ்பி சாதனத்துக்குப் பீரியட் எண்ணிக்கையை (பஃபர் எத்தனை துண்டு என்பதை) 2-க்குப் பதில் 3 வையுங்கள். 128×3 என்றால் 8 மில்லிசெகண்ட், 256×2-ன் 10.7-ஐவிடக் குறைவு, 128×2-ஐவிட நிதானம்.

சுருதிப்பெட்டி:

குவாண்டம் 128 ஆனது. தாமதம் குறைந்தது தெரிகிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. இப்போது ஜாக்கிலும் வெடிக்கிறது. ரெக்கார்ட் ஏற்றினால் மட்டும்தான். அப்போது எர்ர் எண்ணும் கடகடவென்று ஏறுகிறது.

நிரல்கை:

ஆடியோ பிளக்இன் (ரீப்பர் போன்றவற்றுக்குள் ஒலியை மாற்றும் குட்டி மென்பொருள்) எழுதுவது என் பிழைப்பு, அதனால் இடையில் வருகிறேன் மேடம். 'ரெக்கார்ட் ஏற்றினால் மட்டும்' என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ரீப்பரில் ஆன்டிசிப்பேட்டிவ் எஃப்எக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. சும்மா ஓடும் ட்ராக்குகளின் கணக்கை அது முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளும். அதனால் பஃபர் சின்னதாக இருந்தாலும் வெடிக்காது. ரெக்கார்ட் ஏற்றிக் கண்காணிக்கும் ட்ராக்குக்கு அது முடியாது. பாடகி அடுத்து என்ன பாடுவார் என்று யாருக்குத் தெரியும்? அந்த ட்ராக்கில் உள்ள பிளக்இன் எல்லாம் அந்தந்த நொடியில் ஓடியாக வேண்டும். 128 ஃப்ரேம் என்றால் செகண்டுக்கு 375 முறை, ஒவ்வொரு முறையும் 2.67 மில்லிசெகண்ட் கெடு. ஒரே ஒரு முறை தவறினாலும் ஒரு 'டப்'.

சிபியூ 20 சதவீதம் என்பது சராசரி. இரைச்சல் நீக்கும் பிளக்இன் போன்றவை பல முறை சத்தத்தைச் சும்மா சேர்த்து வைத்துவிட்டு, ஒரு முறையில் மொத்தக் கணக்கையும் போடும். சராசரியில் அது தெரியாது. இன்னும் சில பிளக்இன்கள், ஒலிக் கணக்கு ஓடும் ஆடியோ த்ரெட்டுக்குள்ளேயே மெமரி கேட்கும், வேறு வேலை விடும்வரை பூட்டுக்காகக் காத்திருக்கும், அதில் கெடு தவறலாம். எழுதியவர்களைத்தான் திட்ட வேண்டும்.

குரல் ட்ராக்கிலும் மாஸ்டரிலும் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடம்) என்னென்ன பிளக்இன் போட்டிருக்கிறீர்கள்? எஃப்எக்ஸ் ஜன்னலின் அடியில் சிபியூ சதவீதத்தோடு சாம்பிள் எண்ணிக்கை ஒன்றும் தெரியும். அதையும் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:

குரலில் இரைச்சல் நீக்கி ஒன்று. ஃபேன் சத்தத்துக்காகத் தம்பி போட்டது. மாஸ்டரில் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்யூ (தொனியைச் சரிசெய்வது), ஒரு லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது). மாஸ்டர் ஜன்னலின் அடியில் 3072 என்று இருக்கிறது.

நிரல்கை:

3072 சாம்பிள் என்றால் 64 மில்லிசெகண்ட். உங்கள் பாக்கித் தாமதம் அதுதான். லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டரும் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். பஃபரை 32 ஆக்கினாலும் அந்த 64 போகாது. பதிவு முடியும்வரை மாஸ்டர் பிளக்இன்களையும் இரைச்சல் நீக்கியையும் ஆஃப்லைனில் போடுங்கள், அதாவது முழுக்க நிறுத்தி வையுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024 ஆக்கிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

எக்ஸ்ரன் வேட்டை:

கூடவே உபுண்டு மேல்பட்டையில் பவர் மோடைப் பாருங்கள். 'பேலன்ஸ்டு' என்றால் 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். சின்ன பஃபரில் சிபியூ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேலை, கொஞ்சம் தூக்கம் என்று இருப்பதால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று வேலை வந்தால் கெடு தவறும். இன்டர்ஃபேஸ் ஹப் வழியாகப் போகாமல் நேராக லேப்டாப்பில் இருக்கட்டும்.

ஒரு சந்தேகம்: அந்த 64 விண்டோஸிலும் இருந்திருக்க வேண்டுமே? அங்கே இன்டர்ஃபேஸோடு வந்த மிக்ஸர் ஜன்னலில் டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலியை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி) ஏறியிருக்கிறதா?

சுருதிப்பெட்டி:

ஆமாம், தம்பியிடம் கேட்டேன், அதில் ஏற்றி வைத்திருக்கிறான். அப்படியானால் அங்கே பிள்ளைகள் கேட்டது கம்ப்யூட்டருக்குள் போகாத குரலா!

மூன்றையும் ஆஃப்லைனில் போட்டு, பவர் மோடையும் மாற்றினேன். அரை மணி நேரம் பாடவிட்டதில் எர்ர் எண் அசையவில்லை. தாமதம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் ஒரு பெண், குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல இருக்கிறது என்கிறாள்.

நிரல்கை:

அவள் காது நல்ல காது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். மிருதங்கக்காரர் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9 மில்லிசெகண்ட் தாமதம், அது யாருக்கும் உறுத்தாது. ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது. சற்றுப் பிந்தி ஹெட்ஃபோனில் வருவது அதோடு கலந்து சில சுரங்களை அமுக்கிவிடும். சில மில்லிசெகண்டே போதும்.

இதற்குப் பஃபரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டாம். உங்கள் இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் பொத்தானோ குமிழோ இருந்தால் அதை ஏற்றுங்கள். ரீப்பரில் குரல் ட்ராக்கின் மாஸ்டர் சென்ட்டை (மாஸ்டருக்குப் போகும் வழியை) எடுத்துவிட்டு, ரிவர்ப் (எதிரொலி) ட்ராக்குக்கு மட்டும் ஒரு சென்ட் கொடுங்கள். ரிவர்பில் வெட் (எதிரொலிச் சத்தம்) முழுக்க, ட்ரை (மூலச் சத்தம்) சுழியம். குரல் தாமதமே இல்லாமல் நேராக வரும், ரிவர்ப் மட்டும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் கழித்து வரும். ரிவர்ப் அப்படி வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வேண்டுமென்றே அப்படி வைப்பவர்கள் உண்டு. மிக்ஸின்போது மாஸ்டர் சென்ட்டைத் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

எக்ஸ்ரன் வேட்டை:

கடைசியாக ஒன்று. பதிவான குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் உட்காருகிறதா என்று சரிபாருங்கள். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, தாள ட்ராக்கை ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டு அலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த நேரம் டைரக்ட் மானிட்டர் இறங்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் சுற்றிக்கொண்டு ஊளையிடும். வித்தியாசம் எத்தனை சாம்பிளோ அதை ரெக்கார்டிங் அமைப்பில் மேனுவல் ஆஃப்செட்டில் எழுதுங்கள். பஃபரை மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி:

ரிவர்ப் வழி பிரமாதம், அந்தப் பெண்ணுக்கும் திருப்தி. கேபிள் போட்டுப் பார்த்ததில் 140 சாம்பிள் பின்னால் இருந்தது, எழுதிவிட்டேன். இன்னொரு பெண் ப்ளூடூத் ஹெட்ஃபோன்தான் போடுவேன் என்கிறாள். அதற்கு என்ன அமைப்பு?

எக்ஸ்ரன் வேட்டை:

அதற்கு அமைப்பே இல்லை மேடம். ப்ளூடூத்தில் மட்டும் தாமதம் பொதுவாக 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். வயர் உள்ளது ஒன்று வாங்கிக் கொடுங்கள்.